பிரிக்கக் கூடாத போர்வை

நெய்வேலியில் மலை கிடையாது. ஆகவே அங்கே ஒரு மலையேறுவோர் மன்றம் தேவைப்பட்டது.

மலை இருக்கிற ஊர்க்காரர்களுக்கு மன்றம் எதற்கு? கொல்லைக் கதவைத் திறந்தால் மலை. ஏறிவிட்டு வந்து காபி குடிப்பார்கள். மலை இல்லாத ஊரில்தான் ஏறுவதற்குத் தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாம் வேண்டியிருக்கிறது. சுரங்கத்தில் தோண்டிக் கொட்டிய மண்ணே மலை மாதிரி நிற்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். நிற்கிறதுதான். அதன்மேல் மரம்கூட வளர்ந்திருக்கிறது. ஆனால் அது நாமே கொட்டியது. நாமே கொட்டியதன் மேல் நாமே ஏறினால் அதற்குப் பெயர் டியூட்டி. டிரெக்கிங் ஆகாது.

மன்றத்தின் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் பாலகுமார். வேலையில் இருந்த காலம் முழுக்கப் பாதுகாப்புப் பிரிவிலேயே இருந்து ஓய்வு பெற்றவர். அவர்தான் ஓய்வு பெற்றார், அவருடைய பாதுகாப்பு இன்னும் சர்வீஸில் இருந்தது. வீட்டு மாடிப்படியில் ‘கைப்பிடியைப் பிடித்து இறங்கவும்’ என்று எழுதி ஒட்டியிருந்தார். வீட்டுக்கு வரும் விருந்தாளிக்கு முதலில் அவசர வழி எது என்று காட்டுவார். தண்ணீர் அதற்கப்புறம்தான்.

தொழிற்சாலை ஊர்களில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. ஒரு வருஷம் விபத்தே இல்லாமல் ஓட்டிவிட்டால் எல்லோருக்கும் ஒரு பொருள் கொடுப்பார்கள். சுவர்க் கடிகாரமோ, சூட்கேஸோ, ஏதோ ஒன்று. பாலகுமார் இந்த வழக்கத்தை மன்றத்துக்கும் கொண்டு வந்தார். மன்ற வாசலில் ‘விபத்தில்லா நாட்கள்’ என்று ஒரு பலகை வைத்தார். தினமும் காலையில் வந்து பழைய எண்ணை அழித்துப் புதிய எண்ணைச் சாக்பீஸால் எழுதுவார். எழுதிவிட்டு இரண்டடி தள்ளி நின்று பார்ப்பார். பேரப்பிள்ளையை அப்படிப் பார்த்ததில்லை என்று அவருடைய மருமகளே சொல்லியிருக்கிறார்.

இந்த வருஷம் பலகை முழு வருஷத்தைத் தொட்டால் உறுப்பினர் வீட்டுக்கு ஒரு ஸ்டீல் குக்கர் என்று அறிவிப்பாயிற்று.

அந்தச் சமயத்தில்தான் பாலகுமாரின் போனுக்கு ஒரு வீடியோ வந்தது. எங்கோ பனிமலையில் விழுந்து கிடந்த ஒரு வெள்ளைக்காரரை ஜிகினாத் தாள் மாதிரி ஒன்றில் சுற்றி வைத்திருந்தார்கள். உடம்புச் சூடு வெளியே போகாமல் அது காத்ததாம். ஆள் பிழைத்து எழுந்து சிரித்தார். பாலகுமார் அன்றைக்கே அவசரக் கூட்டத்தைக் கூட்டினார். சித்திரை மாதம். மன்றத்து மின்விசிறி சுடச்சுடக் காற்றை இறக்கிக்கொண்டிருந்தது.

“இனிமேல் மலையேறும் ஒவ்வொரு உறுப்பினரும் அவசரகால வெப்பப் பாதுகாப்புப் போர்வை ஒன்றைக் கட்டாயம் எடுத்துவர வேண்டும்” என்று வாசித்தார் பாலகுமார்.

ஜெயராமன் மெதுவாகக் கையைத் தூக்கினார். கணக்குப் பிரிவில் வேலை. ஒல்லியான மனிதர். பக்கத்தில் அவர் மனைவி சந்திரகலா.

“சார், நாம போறது கல்வராயன் மலை. அங்க பனி பெய்யாதே?”

“பெய்யாதுன்னு பனி எழுதிக் கொடுத்திருக்கா, ஜெயராமன் சார்?”

“இல்ல...”

“மைன்ஸ்ல ஹெல்மெட் போடறோம். உங்க தலையில எப்பவாவது ஏதாவது விழுந்திருக்கா?”

“நான் அக்கவுண்ட்ஸ் சார். ஒண்ணும் விழுந்ததில்ல.”

“ஏன் விழல? ஹெல்மெட் போட்டதால. போர்வையைக் கொண்டு போனா குளிர் வராது. குளிர் வரலேன்னா போர்வை வேலை செய்யுதுன்னு அர்த்தம்.”

எல்லோரும் கை தட்டினார்கள். ஜெயராமனும் தட்டினார். தனியாகத் தட்டாமல் இருப்பது அவருக்குப் பழக்கமில்லை.

போர்வைகள் வந்து சேர்ந்தன. உள்ளங்கையில் அடங்குகிற பொட்டலம். அதிகாரிகளுக்குத் தங்க நிறம், மற்றவர்களுக்கு வெள்ளி நிறம் என்று கூட்டத்தில் முடிவாயிற்று. இரண்டும் ஒரே சரக்குதான், சாயம் மட்டும் வேறு என்று கடைக்காரர் சொல்லிப் பார்த்தார். அப்படியானால் வேறு வேறு விலை போட்டுக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கினார்கள்.

பைக்குள் வைத்தால் யாருக்குத் தெரியும்? அதனால் ஒரு கொக்கி போட்டுப் பைக்கு வெளியே தொங்க விட்டார்கள். பிறகு மலைக்குப் போகாத நாளிலும் தொங்கியது. மெயின் பஜாரில் கத்திரிக்காய் பொறுக்கும்போதும் தொங்கியது. வெயிலில் தார் ரோடு இளகிச் செருப்பைப் பிடித்து இழுக்கும். அந்த ரோட்டில் குளிருக்கான பொட்டலம் பளபளவென்று ஆடிக்கொண்டு போகும். தங்கக்காரர் எதிரே வந்தால் வெள்ளிக்காரர் ஸ்கூட்டரை ஓரம் கட்டினார். ஒரு கல்யாணத்தில் தாம்பூலப் பையில் தேங்காய்க்குப் பதில் இதையே போட்டுக் கொடுத்தார்கள். ஆயாக்கள் மட்டும் வெளியே வந்து, “தேங்கா எங்கடி?” என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

மன்றத்தின் செயலாளர் அருள்மொழி, பள்ளிக்கூட ஆசிரியை, உள்ளே என்னதான் இருக்கிறது என்று ஒருநாள் வீட்டில் பிரித்துப் பார்த்துவிட்டார். பார்த்தது தப்பில்லை. திரும்ப மடிக்க முடியவில்லை. அந்தப் போர்வையின் குணம் அப்படி. பொட்டலத்திலிருந்து வெளியே வந்தால் கட்டில் அளவு விரியும், மறுபடி உள்ளே போகவே போகாது. அருள்மொழி குடும்பத்தோடு அதன்மேல் உட்கார்ந்து பார்த்தார். கடைசியில் தலையணை உறையில் திணித்து, பாலகுமார் மாதாமாதம் நடத்தும் போர்வைப் பரிசோதனைக்குக் கொண்டு வந்தார்.

பாலகுமார் உறையைத் தொடவே இல்லை.

“டீச்சர், இது எதுக்கான போர்வை?”

“அவசரத்துக்கு சார்.”

“அவசரம் வந்தாத்தான் பிரிக்கணும். பிரிச்சிருக்கீங்க. அப்ப உங்க வீட்டுல அவசரம் நடந்திருக்கு.”

“ஒண்ணும் நடக்கல சார். சும்மாதான் பிரிச்சேன்.”

“பிரிஞ்ச போர்வை சும்மா இருக்க முடியாது டீச்சர். அது ஒரு விபத்தோட அடையாளம்.”

அருள்மொழியின் கண் கலங்கிவிட்டது. இந்த ஒரு முறை பயிற்சி என்று வைத்துக்கொள்ளலாம் என்று பாலகுமார் மனமிரங்கினார். ஆனால் விதியைத் தெளிவாக்கிவிட்டார். மலையேற்றத்தின்போது ஒரு பொட்டலம் பிரிந்தாலும் அது விபத்து. விபத்தென்றால் பலகையில் பூஜ்யம். பூஜ்யமென்றால் யாருக்கும் குக்கர் கிடையாது.

அப்புறம் குழந்தைகள்கூட அந்தப் பொட்டலத்தின் பக்கம் போகவில்லை.

வருஷம் நிறைவடைய ஒரு வாரம் இருக்கும்போது கல்வராயன் மலைக்குக் கடைசிப் பயணம். வராதவர்களுக்குக் குக்கர் இல்லை என்பதால் எல்லோரும் வந்தார்கள். வேன் ஓட்டியவர் முத்தாண்டிக்குப்பம் தனகோடி. அடிவாரத்தில் வேனை நிறுத்திவிட்டு அவரும் ஆசையாக டவலைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். பாலகுமார் கையை நீட்டித் தடுத்தார்.

“போர்வை இருக்கா?”

“இருக்குது சார். சீட்டுக்குக் கீழ ரெண்டு கெடக்குது.”

“அது சாதாரணப் போர்வை.”

“போத்திக்கினா சூடாத்தான் சார் இருக்குது.”

“சூடு முக்கியமில்ல தனகோடி. சர்டிபிகேட் இருக்கா?”

“போர்வைக்கா? எனக்கே இல்ல சார்.”

“அப்ப மேலே வரக்கூடாது. உங்க பாதுகாப்புக்குத்தான் சொல்றேன்.”

“ரொம்ப நல்லதா போச்சு சார்” என்று தனகோடி சீட்டைச் சாய்த்துப் படுத்துவிட்டார்.

மற்றவர்கள் பாதுகாப்பு உறுதிமொழி எடுத்துக்கொண்டு ஏறினார்கள். உச்சியை நெருங்கும்போது வானம் இருண்டது. கோடை மழை. சும்மா மழையல்ல, ஆலங்கட்டியோடு வந்தது. காற்று ஆளைத் தள்ளியது. ஒரு பாறை நீட்டிக்கொண்டிருந்தது. அதன் கீழே எல்லோரும் ஓடி ஒண்டினார்கள். ஜெயராமன் கடைசியாக வந்து சேர்ந்தார். தலை முதல் கால் வரை நனைந்து, நிற்க முடியாமல் உட்கார்ந்துவிட்டார். பற்கள் தந்தியடித்தன. உதடு நாவல்பழம் தின்றது மாதிரி ஆகிவிட்டது.

சந்திரகலா அவர் கையைப் பிடித்துப் பார்த்தார். ஐஸ் மாதிரி இருந்தது.

“சார், இவருக்கு ஜில்லுன்னு ஆயிடுச்சு. அந்தப் போர்வையைப் பிரிச்சுடறேன்” என்று ஜெயராமனின் பையில் தொங்கிய பொட்டலத்தைக் கொக்கியிலிருந்து கழற்றினார்.

“ஒரு நிமிஷம் மேடம். அவசரம்தானான்னு முதல்ல பார்க்கணும்” என்றார் பாலகுமார். குனிந்து உரக்கக் கேட்டார். “ஜெயராமன் சார், உங்களுக்கு அவசரமா?”

“கு... குளிருது சார்.”

“பேசறார். பேச முடிஞ்சா அவசரமில்ல.”

“அப்ப பேச்சு நின்னாப் பிரிக்கலாமா?” என்றார் சந்திரகலா.

“பேச்சு நின்னா, அவரோட சம்மதத்தை எப்படி மேடம் வாங்கறது? அவர் பேர்ல கொடுத்த போர்வையாச்சே.”

“என்ன சார் விளையாடறீங்களா? மனுஷன் விறைச்சுப் போயிட்டிருக்காரு!”

சந்திரகலா பொட்டலத்தின் ஓரத்தைப் பல்லில் வைத்தார். யாரும் தடுக்கவில்லை. எல்லோரும் பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அருள்மொழிதான் தலையைக் குனிந்துகொண்டு ரொம்ப மெதுவாகச் சொன்னார்.

“அக்கா... இன்னும் ஒரு வாரம்தான்.”

“அதுக்கு?”

“ஒண்ணுமில்லக்கா. நீங்க பிரிங்க. சும்மா சொன்னேன்.”

சந்திரகலா பிரித்திருப்பார். ஜெயராமன்தான் அவர் கையைப் பிடித்தார். அந்த நடுக்கத்திலும் பிடி நல்ல பிடி.

“வே... வேணாம் சந்திரா. என்னால எல்லார் குக்கரும் போச்சுன்னு ஆயிடும். நான் ரிட்டயர் ஆகி ஊருக்குப் போனாலும் இந்தப் பேச்சு போகாது. குவார்ட்டர்ஸ் பிளாக்குல த... தலை காட்ட முடியாது.”

“உசிரோட இருந்தாத்தானே தலையைக் காட்டறது?”

“காட்டலாம். நீ அதை உள்ள வையி.”

சந்திரகலா கணவரைப் பார்த்தார். சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். பொட்டலத்தைப் பைக்குள் வைக்கவில்லை, பாலகுமாரின் காலடியில் எறிந்தார். பாலகுமார் பதறி எடுத்து, ஓரம் கிழிந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார். கிழியவில்லை. நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

மன்றம் மனிதாபிமானம் இல்லாதது என்று நினைத்துவிடாதீர்கள். பொட்டலத்தைப் பிரிக்காமல் என்னவெல்லாம் செய்யலாமோ அவ்வளவையும் செய்தார்கள். நான்கைந்து பேர் சேர்ந்து ஜெயராமனைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவர் காதில் ஊதினார். சந்திரகலா அவருடைய உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டே மன்றத்தைத் திட்டினார். திட்டத் திட்ட அவருடைய கை நல்ல சூடாகி, அந்தச் சூடு ஜெயராமனுக்கு இறங்கியது. இதற்கு ‘மனித வெப்பப் பரிமாற்ற ஒத்திகை’ என்று பாலகுமார் அங்கேயே பெயர் வைத்தார். ஒத்திகை விபத்தில் சேராது.

மழை விட்டதும் தாங்கிப் பிடித்துக் கீழே கொண்டு வந்தார்கள். தனகோடி எழுந்து, “இன்னா சார், கோழிக்குஞ்சு மாதிரி வந்துகினு கீறாரு!” என்று சீட்டுக்குக் கீழே கிடந்த இரண்டு போர்வையையும் உதறிப் போர்த்தினார். டீசல் வாடை வீசியது. ஜெயராமன் ஊர் வந்து சேரும்வரை அதற்குள்ளிருந்து மூக்கைக்கூட வெளியே நீட்டவில்லை. சர்டிபிகேட் இல்லாத போர்வை ஆகையால் பாலகுமார் நாகரிகமாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஜெயராமனுக்குக் காய்ச்சல் வந்தது. ‘உடல்நலக் குறைவு’ என்று லீவு கேட்டால் பலகைக்கு வம்பு என்று ‘சொந்த வேலை’ என்று எழுதிப் போட்டார். இருமலும் சொந்த வேலைதானே.

விழா நாள் வந்தது. கத்திரி வெயிலின் உச்சம். மன்றத்துக்கு முன்னால் தகரப் பந்தல். மேடைக்குப் பக்கத்தில் குக்கர் அட்டைப் பெட்டிகள் கோபுரமாக அடுக்கப்பட்டிருந்தன. சிறப்பு விருந்தினராகக் கடலூரிலிருந்து சிங்காரவேல் வந்திருந்தார். ஏதோ ஒரு பாதுகாப்புப் பேரவைக்குக் கௌரவ ஆலோசகர். கோட்டு போட்டிருந்தார்.

“விருந்தினருக்குச் சால்வை போடுவது பழைய முறை” என்று மைக்கில் அறிவித்தார் பாலகுமார். “நம் மன்றம் நம்முடைய அடையாளத்தையே அவருக்கு அணிவிக்கிறது!”

ஒரு தங்க நிறப் பொட்டலம் எல்லோர் முன்னிலையிலும் கிழிக்கப்பட்டது. கூட்டம் ஒருகணம் மூச்சை நிறுத்தியது. ஆனால் விதி மலையேற்றத்துக்குத்தான், மேடையேற்றத்துக்கு இல்லை என்று பாலகுமார் ஏற்கனவே யோசித்து வைத்திருந்தார். போர்வை விரிந்து, ஜொலித்து, சிங்காரவேலைக் கழுத்திலிருந்து முட்டி வரை இரண்டு சுற்றுச் சுற்றியது. பறந்துவிடாமல் இருக்கப் பின் குத்தினார்கள். மின்விசிறிக் காற்றில் அது சரசரவென்று சத்தம் போட்டது. சத்தம் மைக்கில் விழுந்தது. ஆகவே மின்விசிறியை நிறுத்தினார்கள்.

சிங்காரவேல் நாற்காலியில் உட்கார்ந்தபடியே பேசத் தொடங்கினார்.

பாதுகாப்பு என்பது ஒரு பண்பாடு என்றார். வியர்வை மூக்கு நுனியில் சொட்டியது. பண்பாடு என்பது ஒரு பாதுகாப்பு என்றார். முகம் செங்கல் நிறமாகியது. அடுத்த வாக்கியம் மறந்து முதல் வாக்கியத்துக்கே திரும்பினார்.

“ஏங்க, அந்த மனுஷன் உள்ள வேகறாரு பாருங்க” என்றார் சந்திரகலா. “போய் அதை எடுத்து விடுங்க. அந்தப் பாடு உங்களுக்குத் தெரியாததா?”

ஜெயராமனுக்குத் தெரியும். கூட்டத்தில் அவருக்கு மட்டும்தான் நன்றாகத் தெரியும். எழுந்தார். முதல் தடவையாகத் தனியாக எழுந்தார். மேடையில் ஏறி, பின் குத்தியிருந்த இடத்தில் கை வைத்தார். பாலகுமார் அவர் காதோடு சொன்னார்.

“ஜெயராமன் சார், நீங்க அதைக் கழட்டினா, அவருக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு நீங்களே சொன்ன மாதிரி. இன்னிக்குப் பொழுது போனாத்தான் வருஷம் முடியும். பலகையை மறந்துடாதீங்க.”

ஜெயராமன் பலகையைப் பார்த்தார். குக்கர் பெட்டிகளைப் பார்த்தார். கீழே, மலையில் தன்னைக் கட்டிப் பிடித்துக் காப்பாற்றிய அத்தனை முகங்களும் தன்னையே பார்ப்பதைப் பார்த்தார். தோளிலிருந்து கொஞ்சம் சரிந்திருந்த போர்வையை மேலே இழுத்து, கழுத்தோரம் நன்றாகச் செருகிவிட்டு இறங்கி வந்தார்.

“என்னங்க செஞ்சீங்க?” என்றார் சந்திரகலா.

“சரிஞ்சிருந்துச்சு” என்றார் ஜெயராமன்.

சிங்காரவேல் நாற்காலியோடு சாய்ந்தார்.

ஓடிப்போய்த் தூக்கிப் பெஞ்சில் கிடத்தினார்கள். சந்திரகலாதான் போர்வையை இரண்டு கையாலும் கிழித்தெறிந்து முகத்தில் தண்ணீர் அடித்தார். மற்றவர்கள் சுற்றி நின்றார்கள். பாலகுமாரின் முகம் விருந்தினருடைய முகத்தைவிட மோசமாக இருந்தது. ஒரு வருஷம் விபத்தே இல்லாத மன்றத்தில், கடைசி நாளில், பாதுகாப்புப் போர்வையால் ஒரு விபத்து. சாக்பீஸைக் கையில் எடுத்தார். பலகைப் பக்கம் நடந்தார்.

“சார், அவசரப்படாதீங்க” என்றது ஒரு குரல். ஜெயராமன். “இவரு நம்ம மெம்பர் இல்லையே. பலகை மெம்பர்களுக்குத்தானே? இது கணக்குல வராது.”

கணக்குப் பிரிவில் இத்தனை வருஷம் உட்கார்ந்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். பந்தலே அதிரக் கை தட்டினார்கள். அருள்மொழி, “அண்ணே, நீங்க இல்லேன்னா...” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாலகுமார் ஜெயராமனைக் கட்டிப் பிடித்தார். இந்த முறை ஒத்திகை இல்லை.

கைதட்டல் சத்தத்தில் சிங்காரவேல் கண் விழித்தார். தன் பேச்சுக்குத்தான் தட்டுகிறார்கள் என்று நினைத்து லேசாகக் கும்பிட்டார். பிறகு பெட்டிகளைப் பார்த்தார்.

“அது என்ன?”

“குக்கர் சார். விபத்தில்லாத வருஷத்துக்கு” என்றார் பாலகுமார்.

“எனக்கும் உண்டா?”

“மெம்பர்களுக்கு மட்டும்தான் சார்.”

“அப்ப என்னை மெம்பரா சேர்த்துக்குங்க. கௌரவ மெம்பர்.”

பாலகுமார் பலகையை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

“சேர்த்துக்கலாம் சார். அதுல ஒரு சிக்கல். நீங்க மெம்பர்னா, இப்ப உங்களுக்கு மயக்கம் வந்தது கணக்குல வந்துடும். அப்ப யாருக்குமே குக்கர் இல்ல.”

சிங்காரவேல் படுத்தபடியே குக்கர் கோபுரத்தை இன்னொரு தடவை பார்த்தார்.

“மயக்கமா? யாருக்கு?”

“உங்களுக்கு சார்.”

“எனக்கு ஒண்ணும் மயக்கம் வரலையே. கண்ணை மூடி உங்க மன்றத்தோட பணிகளை நினைச்சுட்டிருந்தேன்.”

“நாற்காலியோட விழுந்தீங்களே சார்?” என்றார் சந்திரகலா.

“உட்கார்ந்து நினைக்கிறதைவிடப் படுத்து நினைச்சா நல்லா நினைக்கலாம்மா” என்றார் சிங்காரவேல்.

சந்திரகலா சொம்பைக் கீழே வைத்தார். ஜெயராமன் பக்கம் திரும்பினார். அவர் ஏற்கனவே குக்கர் வரிசையில் நின்றுகொண்டிருந்தார். “சந்திரா, சீக்கிரம் வா, பின்னாடி போயிடப் போறோம்” என்று கையை ஆட்டினார். சந்திரகலா ஒரு நிமிஷம் நின்றார். பிறகு புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு வரிசைக்குப் போனார்.

எல்லோருக்கும் குக்கர் கிடைத்தது. புகைப்படம் எடுக்க நின்றார்கள். நடுவில் சிங்காரவேல், இரண்டு பக்கமும் ஆள் தாங்கிப் பிடிக்க, மார்பில் குக்கரோடு.

“அந்தத் தங்கப் போர்வையைப் போத்தி விடுங்கப்பா, படத்துக்கு நல்லா இருக்கும்” என்றார் அவர்.

கிழிந்துபோயிற்று என்றார்கள். மன்றத்தில் வேறு பொட்டலமா இல்லை? இன்னொன்றைப் பிரித்துச் சுற்றினார்கள்.

“எல்லாரும் கொஞ்சம் சிரிங்க சார்” என்றார் கேமராக்காரர்.

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் படம் வந்தபோது பார்த்தால், மற்றவர்களுடைய சிரிப்பு கொஞ்சம் அசடு வழிந்திருந்தது. சிங்காரவேலுடையதுதான் பளிச்சென்று விழுந்திருந்தது. அந்த நேரத்தில் அவருக்கு மறுபடி மயக்கம் வந்து, பல் கிட்டியிருந்தது.